ஏத்து, இறக்கு

எங்கள் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து பிழை திருத்தும்போது வாசலில் நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒருத்தி கைப்பிரதியை வாசிப்பாள், மற்றவள் திரையைப் பார்ப்பாள். "ஒன்று புள்ளி ஆறு இன்ட்டு பத்து ஏத்து மைனஸ் பத்தொன்பது இறக்கு கூலும்." "எக்ஸ் ஏத்து ரெண்டு இறக்கு பிளஸ் அஞ்சு எக்ஸ்." அடுக்கை மேலே தூக்குவது ஏத்து. திரும்ப வரிக்கு வந்து சேர்வது இறக்கு. 1987-ல் பாளையங்கோட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஜாப் டைப்பிங் கடையில் பழகிய சொற்கள் இவை. அப்போது அவை வாசிப்பதற்கான சொற்களாக மட்டும் இருக்கவில்லை, கையால் செய்கிற வேலையாக இருந்தன.

லோயரும் ஹையரும் பாஸ் பண்ணிவிட்டுத்தான் போனேன். கடிதம், அட்டவணை, அறிக்கை எல்லாம் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கணக்கு அடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வாரமே சார் என் மேஜையில் வைத்தது ஒரு இயற்பியல் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். பக்கத்துக்குப் பத்து இடத்தில் எண்ணின் தலையில் எண். ரெமிங்டனில் அதற்கென்று விசை கிடையாது. ரோலரின் இடது கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு ரோலரை நம் பக்கமாக அரை வரி திருப்ப வேண்டும். தாள் கீழே இறங்கும், அடிக்கிற எழுத்து மேலே விழும். அடித்து முடித்ததும் எதிர்ப்பக்கமாகத் திருப்பி அதே வரிக்கு வர வேண்டும். வருவதில்தான் சிரமம் எல்லாம். பொத்தானை அழுத்தித் திருப்பினால் ரோலர் தன் பழைய வரியை மறந்துவிடும், கண்மட்டத்தில்தான் பிடிக்க வேண்டும். ராட்செட்டை விலக்குகிற லீவர் உள்ள மெஷினில் லீவரை மறுபடி போட்டால் பழைய வரி அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த மெஷினுக்காக எங்கள் கடையில் மூன்று பேர் காத்திருப்போம்.

ஏற்றிவிட்டு இறக்க மறந்தால் மீதி வரி முழுவதும் அரை வரி உயரத்தில் ஓடும். ஒரு தாளும் நாலு கார்பன் நகலும் சேர்ந்து ஐந்தும் வீண். சார் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. "ஏத்தின, சரி. இறக்கினியாம்மா?" என்று மட்டும் கேட்பார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் ஒவ்வொரு அடுக்கை அடித்து முடிக்கும்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

வர்க்கமூலக் குறி, தொகையீட்டுக் குறி, கிரேக்க எழுத்துகள் எதுவும் மெஷினில் இல்லை. அளவெடுத்து இடம் விட்டுக்கொண்டே போய், கடைசியில் ரோட்ரிங் பேனாவால் கையால் எழுதுவோம், ஐந்து பிரதியிலும். கேள்வித்தாள் என்றால் ஸ்டென்சில். ரிப்பனை விலக்கிவிட்டு எழுத்துகளால் மெழுகுத் தாளைக் குத்துவோம். மூலக் குறியை மட்டும் ஸ்டைலஸால் கீறுவோம். கொஞ்சம் அழுத்திவிட்டால் மெழுகு கிழிந்து சைக்ளோஸ்டைலில் அந்த இடம் கறுப்புத் திட்டாக விழும். எங்கள் மெஷின்கள் சிலவற்றில் 1 என்ற எண்ணுக்கே விசை கிடையாது, ஆங்கிலச் சின்ன எல் எழுத்துதான் ஒன்று. சாதாரண வரியில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். எல் என்ற மாறியே சமன்பாட்டில் வந்துவிட்டால் எது ஒன்று, எது எல் என்று அடித்தவளுக்கே தெரியாது. அப்படிப்பட்ட பக்கங்களில் மாறியின் அடியில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுவைப்போம். கைடு பார்த்த பிறகு அழிப்போம்.

அந்த நாட்களில் ஆய்வேடுகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போகும். 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்த பிறகு வேலை ஊருக்குள்ளேயே பெருகியது. எண்கோட்பாட்டில் ஆய்வு செய்த ஒரு பேராசிரியர் எங்கள் கடைக்கு வருவார். நான் அடித்த பக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு, 1729 பற்றித் தெரியுமா என்று கேட்டார். ராமானுஜன் மருத்துவமனையில் ஹார்டியிடம் சொன்ன டாக்சி எண் என்பது வரை தெரியும் என்றேன். தாளின் ஓரத்தில் 1³ + 12³ = 9³ + 10³ என்று எழுதினார். பக்கத்திலேயே நான் அடித்திருந்ததை எழுதினார்: 13 + 123 = 93 + 103. "கூட்டிப் பாரும்மா" என்றார். இடப்பக்கம் 136, வலப்பக்கம் 196. நாலு எண்ணும் அரை வரி இறங்கியதும் சமன்பாடு செத்துப்போயிருந்தது.

எனக்குக் கணக்கு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் அன்றைக்குப் புரிந்தது இன்றுவரை மாறவில்லை. எழுத்தில் தவறினால் எழுத்துப் பிழை, வாசிக்கிறவர் மனதில் திருத்திக்கொள்வார். அடுக்கில் தவறினால் அது பிழையாகவே தெரியாது, வேறொரு எண்ணாக நிமிர்ந்து நிற்கும். எண்களை இப்படி உயர்த்தி எழுதும் வழக்கம் 1637-ல் தெகார்த்தின் வடிவியல் நூலுக்குப் பிறகுதான் நிலைபெற்றது என்றும், அவரேகூட வர்க்கத்துக்குப் பல இடங்களில் எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதினார் என்றும் அதே பேராசிரியர் சொன்னார். அந்த முறையில் ரோலரைத் திருப்ப வேண்டியதே இல்லை. அடிக்கிறவளுக்கு அதுவே சுகம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

1996-ல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பேஜ்மேக்கரில் ஒரு கட்டளையில் எண் தானாக மேலே ஏறி, தானாகச் சிறுத்தும் நின்றதைப் பார்த்த நாளில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. சிக்கல் வேறு வழியாக வந்தது. அப்போதைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் ஆங்கில எக்ஸ் இருக்கும் இடத்தில் ஒ இருக்கும், ஒய் இருக்கும் இடத்தில் ல இருக்கும். இருபடிச் சமன்பாட்டின் மூன்று கெழுக்களான ஏ, பி, சி மூன்றும் ய, டி, உ என்று மாறும். யாராவது பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் பாமினி என்று மாற்றிவிட்டால் அத்தனை சமன்பாடும் தமிழாகிவிடும். அதை மீட்க ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டும்.

இன்னும் நுட்பமானது திஸ்கி. வெளியூர் நூலாசிரியர் ஒருவர் அந்தக் குறியீட்டில் அறிவியல் நூல் ஒன்றைத் தட்டிக்கொண்டுவந்தார். கம்ப்யூட்டரின் பழைய எழுத்து வரிசையில் ² என்பதற்கு 178, ³ என்பதற்கு 179 என்று எண் உண்டு. ஆல்ட் விசையை அழுத்தியபடி 0178 தட்டினால் ² விழும். அதே 178 திஸ்கியில் ஏ. 179 என்றால் ஐ. கூட்டல் கழித்தல் சேர்ந்த ± குறியின் இடத்தில் எ, பாகைக் குறியின் இடத்தில் ஊ. செங்கோணம் 90 பாகை என்பது 90ஊ என்று அச்சாகியிருந்தது. ஆசிரியர் அதை வைரஸ் என்றே நம்பினார். வைரஸ் இல்லை, ஒரே நாற்காலியில் இரண்டு பேரை உட்கார வைத்த வினை என்று படம் போட்டு விளக்கினேன். யூனிகோடு வந்து ஒவ்வொருவருக்கும் தனி நாற்காலி கொடுத்தபோது கணக்கு அடிக்கிறவர்கள் பட்ட நிம்மதி கதை எழுதுகிறவர்களுக்குப் புரியாது.

இடையில் ஒன்று. எங்கள் கடைக்கு மார்கழிக்கு முன்பு ஸ்தோத்திரப் புத்தக வேலையும் வரும். அதில் க², ப³ என்று வரும். வடமொழியின் நாலு வித ககரத்தையும் பகரத்தையும் தமிழ் எழுத்தில் காட்டுவதற்காகத் தலையில் வைக்கிற எண்கள் அவை, வர்க்கமும் கனமும் இல்லை. ஒரே நாளில் இரண்டு வேலையும் ஓடும்போது புதுப் பெண்களுக்கு நான் சொல்வது, எண் மேலே நிற்கிறதே என்று பார்க்காதே, யார் தலையில் நிற்கிறது என்று பார்.

வேர்டில் பழைய ஈக்குவேஷன் எடிட்டரை வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் கேள்வி வங்கி சேர்த்தேன். பின்னங்கள், மூலங்கள், எல்லாம் அதில். 2018 ஜனவரியில் பாதுகாப்புக் குறைக்காக மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. என் கோப்புகள் திறந்தன, சமன்பாடுகள் படமாகத் தெரிந்தன, ஒன்றைக்கூட மாற்ற முடியவில்லை. 3 என்பதை 5 ஆக்க வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு மாதம் இரவுகளில் உட்கார்ந்து அடித்தேன்.

கூகுள் டாக்ஸுக்கு நான் போனது 2020 ஊரடங்கில். கடையை மூடிவிட்டோம், ஆசிரியர்கள் வீட்டிலிருந்தார்கள், தேர்வு மட்டும் நிற்கவில்லை. ஒரே கோப்பை அவர்களும் நானும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தோம். ஆசிரியர்களுக்குப் போனில் சொல்லிக்கொடுத்தேன். கன்ட்ரோல் விசையோடு முற்றுப்புள்ளி, எண் ஏறும். கன்ட்ரோல் விசையோடு காற்புள்ளி, எண் கீழே போகும், நீரின் வாய்பாட்டில் வரும் 2 போல. அதே விசையை மறுபடி தட்டினால்தான் வரிக்குத் திரும்பும். ஏத்து, இறக்கு. ரோலர் போய்விட்டது, இறக்க மறக்கிற பழக்கம் போகவில்லை.

என் வாழ்க்கையில் மறக்க முடியாத தப்பு அந்தச் சமயத்தில்தான் நடந்தது. ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள். ஆசிரியை டாக்ஸில் ஒழுங்காக ஏற்றியே அடித்திருந்தார்: 2⁵ × 2³ இன் மதிப்பு என்ன? எழுத்துருக்கள் கலந்து கிடந்ததால், வடிவத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஒட்டுகிற முறையில் நான் அதை அச்சுக்கான கோப்புக்குக் கொண்டுபோனேன். எழுத்து எல்லாம் சுத்தமாக வந்தது. தாளில் 25 × 23 என்று அச்சானது. ஆசிரியை எதிர்பார்த்த விடை 256. பிள்ளைகள் பாதிப்பேர் 575 எழுதியிருந்தார்கள். ஒரு பையன் கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பெருக்கி, அழகாக 575 கொண்டுவந்திருந்ததை ஆசிரியை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். அவன் போட்ட கணக்கில் ஒரு குறையும் இல்லை. எல்லாருக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

கன்ட்ரோல் முற்றுப்புள்ளியால் ஏற்றிய 5 கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வெறும் 5. உயரம் அதற்கு நாம் போட்டுவிட்ட சட்டை. சட்டையைக் கழற்றுகிற எந்த இடத்துக்குப் போனாலும் அது கீழே இறங்கிவிடும். யூனிகோடில் உள்ள ⁵ அப்படியில்லை, அது பிறக்கும்போதே மேலே நிற்கிற எழுத்து. வாட்ஸ்அப்பில் போனாலும் நிற்கும். அந்த வருஷம் ஆசிரியர்கள் எல்லாரும் கூகுள் ஃபார்ம்ஸில் தேர்வு வைத்தார்கள். அங்கே கேள்விப் பெட்டியில் எண்ணை ஏற்ற வழியே இல்லை, பிறவியிலேயே உயர்ந்த எழுத்தை ஒட்டினால்தான் உண்டு. போனில் ஜிபோர்டு வைத்திருந்தவர்களுக்கு எண் விசையை அழுத்திப் பிடித்தால் அது கிடைக்கும் என்று சொன்னேன். பல பேருக்கு அந்த ஒரு வழிதான் கைகொடுத்தது.

அதற்கும் குறை உண்டு. ¹, ², ³ மூன்றும் பழைய வரிசையிலிருந்து வந்தவை, ⁴ முதல் மற்றவை பிற்பாடு வேறிடத்தில் சேர்க்கப்பட்டவை. சில எழுத்துருக்களில் இரண்டு கூட்டமும் ஒரே உயரத்தில் நிற்காது. 10²⁴ என்று அடித்தால் 2 ஒரு மட்டம், 4 ஒரு மட்டம். அவகாட்ரோ எண்ணின் 10²³ அந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தது. அடுக்கில் வரும் கழித்தல் குறிக்கும் தனி எழுத்து உண்டு. அதை விட்டுவிட்டு ஹைஃபனை ஏற்றிவைத்தால் திரையில் தெரியும், ஜெராக்ஸில் இரண்டாம் நகலிலேயே அழிந்துவிடும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் அந்தக் கீறல் போய்விட்டால் 10⁻¹⁹ என்பது 10¹⁹ ஆகிவிடும். ஒரு கீற்றில் முப்பத்தெட்டு பூஜ்யம் வித்தியாசம். ஆகவே எங்கள் கடையில் முதல் நகல் எடுத்ததும் கழித்தல் குறிகளை மட்டும் தனியாக ஒரு முறை எண்ணுவோம்.

அடுக்கின் தலையில் இன்னொரு அடுக்கு வந்தால் இந்த இரண்டு வழியும் நின்றுவிடும். ஃபெர்மா எண்கள் அப்படி. இரண்டின் தலையில் இரண்டு, அந்த இரண்டின் தலையில் ஐந்து, அதோடு ஒன்று கூட்டினால் 4294967297. இப்படி வருகிற எண்கள் எல்லாம் பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 1732-ல் ஆய்லர் இது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். இதை அவசரத்தில் 2²⁵ + 1 என்று ஒரே மாடியில் அடித்தால் 33554433 ஆகிவிடும், அதற்கும் ஆய்லருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டைப்ரைட்டரில் நாங்கள் முதல் அடுக்கை அடித்து, அதன் தலையில் வருவதைப் பேனாவால் பொடியாக எழுதினோம். டாக்ஸில் அதற்கு இன்செர்ட் பட்டியலில் ஈக்குவேஷன் இருக்கிறது.

ஒரு தவணை முழுக்க அந்தப் பெட்டியில் வேலை செய்து எனக்கு ஒரு முடிவு உண்டு. பின்னமோ மூலமோ மாடி மேல் மாடியோ வந்தால் அங்கேதான் அடிக்க வேண்டும், பெரிய வாய்பாட்டை எழுத்தும் இடைவெளியுமாக ஒப்பேற்றக் கூடாது. தொப்பிக் குறியைத் தட்டினால் அடுக்குக்கு ஒரு சிறு கட்டம் திறக்கும், உள்ளே இன்னொரு தொப்பி தட்டினால் அதன் மேல் இன்னொன்று. வலப்பக்க அம்பு விசையால் ஒவ்வொரு மாடியாக இறங்கி வரலாம். பின்சாய்கோடு போட்டு ஃப்ராக் என்று தட்டி இடைவெளி விட்டால் பின்னம், ஸ்கொயர் ரூட்டின் சுருக்கத்தைத் தட்டினால் மூலம். ஆல்ஃபா என்றால் ஆல்ஃபா. இந்தக் கட்டளைகள் டெக் என்ற நிரலின் வழி வந்தவை என்று ஒரு ஆராய்ச்சி மாணவன் சொன்னான். டொனால்ட் குனூத் 1977-ல் தன் புத்தகத்தின் புதுப் பதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்தார். முதல் பதிப்பின் ஈய எழுத்தில் இருந்த அழகு புது ஒளியச்சில் இல்லை. மனம் பொறுக்காமல், கணக்கை ஒழுங்காக அச்சடிக்கத் தானே ஒரு நிரல் எழுத உட்கார்ந்துவிட்டார். அச்சுப்படியைப் பார்த்து மனம் பொறுக்காத அவஸ்தை எனக்குத் தெரியும். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போதிருந்து பெரிய மரியாதை.

டாக்ஸின் பெட்டி அந்த அளவு வளரவில்லை. நான் பழகிய வரை அதில் அணிகளுக்கு இடமில்லை. பிளஸ் டூ அணிக்கோவைப் பாடத்துக்கு வேறிடத்தில் அடித்துப் படமாகத்தான் ஒட்டினேன், அதன் விளைவு தெரிந்தும். பெட்டிக்குள் எழுத்துருவும் நம் சொல் கேட்காது. தாள் முழுக்க ஒரு முகம், சமன்பாட்டுக்கு மட்டும் வேறு முகம். எனக்கு அது உறுத்தும், ஆசிரியர்களுக்கு உறுத்தவில்லை. அதை விட்டுவிட்டேன்.

ஒரு வசதி மட்டும் என்னைப் பழைய நாளுக்குக் கொண்டுபோய்விட்டது. சிறப்பு எழுத்துகள் என்ற இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். பெயர் தெரியாத குறியை அதில் மவுசால் வரைந்தால் அதைப் போன்ற எழுத்துகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். தொகையீட்டுக் குறியை வரைந்தேன். ஸ்டென்சிலில் கீறிய அதே வளைவு, அதே வேகம். கை மெழுகுத் தாளுக்குப் பயந்து மெல்லத்தான் போனது.

போன மாதம் ராத்திரி ஒரு பிளஸ் ஒன் இயற்பியல் தாள். ஆசிரியர் அவர் வீட்டில் அடிக்கிறார், நான் என் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெயரோடு பச்சைக் கோடு ஒன்று வரியில் நகர்கிறது. எலக்ட்ரானின் நிறை 9.1 × 10 என்று வந்தது, கோடு ஏறியது, கழித்தல் 31 வந்தது. கோடு இறங்கவில்லை. கிலோகிராம் எனில் அதன் உந்தம் யாது என்று கேள்வி முழுவதும் பொடி எழுத்தில் வானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நானே சரி செய்திருக்கலாம். ஓரத்தில் குறிப்பு எழுதினேன்: சார், இறக்குங்க.

உடனே போன். "எதை இறக்கணும் மேடம்?"

ரோலரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மறுநாள் அச்சுப்படியை ஒத்துப்பார்க்கப் போன் போட்டேன், அவர் தன் கைப்பிரதியை வாசித்தார், எங்கள் கடைப் பெண் திரையைப் பார்த்தாள். "ஒன்பது புள்ளி ஒன்று இன்ட்டு பத்து," என்றவர் ஒரு கணம் நிறுத்தினார். "ஏத்து மைனஸ் முப்பத்தொண்ணு. இறக்கு. கிலோகிராம்."

"சரி சார். அடுத்தது," என்றாள் அவள்.